கழுத்துக்குத் தகடு, மார்புக்குக் கயிறு

புசா ரோட்டில், மெட்ரோத் தூண்களின் அடியில், விடியற்காலையில் நடப்பவர் எவருக்கும் ஓர் ஒலி பழக்கம். கரோல் பாக் நிலையத்துக்கும் ராஜேந்திரா பிளேஸ் நிலையத்துக்கும் இடையிலுள்ள நடைபாதையில் வீட்டு நாய் ஒன்று வரும். நடுத்திட்டில் சுருண்டு கிடக்கும் தெருநாய் தலைதூக்கிக் குரைக்கும். வீட்டு நாய் பாயும். பிடித்திருப்பவர் சங்கிலியைச் சுண்டி இழுப்பார். கழுத்துப்பட்டை தொண்டையில் இறுகும். நாய் இரண்டு மூன்று முறை வறட்டு இருமல் இருமும். பிறகு நடை தொடரும். நின்று நாயின் தொண்டையைத் தொட்டுப் பார்ப்பவர் அரிது. சளி, தூசி, தில்லியின் காற்று என்று அந்த இருமலுக்குக் காரணங்கள் சொல்லப்படும். காற்றின் மேல் பழி போடுவது தில்லியில் எப்போதும் எளிது. கழுத்தில் கிடக்கும் பட்டையை எவரும் குற்றஞ்சாட்டுவதில்லை.

நாயை வெளியே அழைத்துச் செல்லும்போது பிடிகயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டுவதா, மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸில் மாட்டுவதா என்ற கேள்வி பார்வைக்கு அற்பமானது. ஆய்வுலகத்தார் இதைப் பொருட்படுத்திப் பேசுவதே சிலருக்கு நகைப்பாக இருக்கும். ஆனால் சான்றை எப்படிப் படிப்பது என்ற கேள்வியும், யாருடைய வசதி யாருடைய உடலின் மேல் கட்டப்படுகிறது என்ற கேள்வியும் இந்தச் சிறு வாரில் முடிச்சிட்டுக் கிடக்கின்றன.

இதில் இரு கட்சிகள் உண்டு. முதலாவது பழைய பயிற்சியாளர்களின் கட்சி. கழுத்தைப் பிடித்தால்தான் நாய் கட்டுப்படும். ஹார்னஸ் பனிநிலத்தில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு உரியது. அதை மாட்டினால் வீட்டு நாயும் வண்டி நாயாகிவிடும் என்பது அவர்கள் வாதம். இரண்டாவது, அண்மைக் காலத்து அன்புக் கட்சி. கழுத்துப்பட்டை கொடுமை, ஹார்னஸ் கருணை என்று அவர்கள் உலகை இரண்டாக வகுத்துவிடுவார்கள். நிறம் நிறமாக ஹார்னஸ் விற்கும் நிறுவனங்கள் அந்தப் பிரிவினைக்கு உரம் போடும். முதல் கட்சி நாயின் உடற்கூற்றைப் படிக்கவில்லை. இரண்டாவது கட்சி ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்கு அப்பால் படிக்கவில்லை. இரண்டு தவறுகளும் ஒரே எடையுடையவை என்று சொல்லி நடுநிலை நாடகம் ஆட வேண்டியதில்லை. முதல் தவறு நாயின் தொண்டையைப் புண்ணாக்குகிறது. இரண்டாவது தவறு பெரும்பாலும் உரிமையாளரின் பணப்பையை மட்டுமே. கழுத்தில் அடையாளத் தகடு தொங்கட்டும்; இழுவிசை தாங்கும் கயிறு கழுத்துக்குப் போகக் கூடாது. இதற்கு எழும் மறுப்புகள் பல. அவற்றில் சில வலுவானவையும்கூட.

நாயின் கழுத்து உறுதியானது, அதற்கு ஒன்றும் ஆகாது என்பது முதல் மறுப்பு. இது பாதி உண்மை. பிடரியில் திரண்ட தசை உண்டு. தாய் நாய் குட்டியைக் கவ்வித் தூக்குவதும் அங்கேதான். ஆனால் முன்னே பாயும் நாயைப் பின்னாலிருந்து இழுக்கும்போது பட்டை அழுந்தும் இடம் தொண்டை. அங்கே தோலுக்கு மிக அருகில் மூச்சுக்குழாய் ஓடுகிறது. அதன் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டங்களாக இருப்பதில்லை. முதுகுப் பக்கம் திறந்த பிறை வடிவில் இருக்க, திறந்த பகுதியைச் சவ்வு மூடியிருக்கிறது. அருகே கழுத்துச் சிரைகள், தைராய்டு சுரப்பி, நரம்புகள். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற சிறிய இனங்களில் அந்த வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாகும் நோய் ஒன்று உண்டு. அதன் இருமல் வாத்தின் கத்தலைப் போல ஒலிக்கும். கழுத்துப்பட்டைதான் அந்த நோயை உண்டாக்குகிறது என்று அன்புக் கட்சியார் எழுதுவது மிகை. அந்நோயுள்ள நாயின் கழுத்தில் பட்டை அழுந்தினால் இருமல் கிளம்பும் என்பதும், அத்தகைய நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரைகளுள் ஒன்று ஹார்னஸுக்கு மாறுவது என்பதும் மிகையில்லை.

பக், ஷீ ட்சூ போன்ற தட்டைமூக்கு நாய்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2003 இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயை நாடே பார்த்தது. நகரங்களில் அந்த இனத்துக்கு மோகம் பிறந்தது. பிறவியிலேயே குறுகிய மூக்குத் துளைகளும் நீண்ட மென் அண்ணமும் உடைய ஒரு விலங்கு, மூச்சு விடுவதையே ஒரு வேலையாகச் செய்யும் விலங்கு, தில்லியின் மே மாத மாலையில் கழுத்துச் சங்கிலியுடன் இழுத்துச் செல்லப்படுகிறது. அந்த விளம்பரத்தில் நாய்க்குக் கயிறே கிடையாது என்பதை வாங்கியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி ஆய்வுகள். இந்த விவாதத்தில் அதிகமாக எடுத்தாளப்படுவது 2006 இல் அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை. 26 நாய்களின் 51 கண்களில் உள்ளழுத்தம் அளக்கப்பட்டது. கழுத்துப்பட்டை வழியாக விசை செலுத்தியபோது கண்ணின் உள்ளழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. ஹார்னஸ் வழியாகச் செலுத்தியபோது அவ்வாறு உயரவில்லை. கட்டுரை சொல்வது இவ்வளவே. பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமா நோயோ, மெலிந்த கருவிழியோ உடைய நாய்களுக்கு ஹார்னஸ் நல்லது என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுரையைக் காட்டி "கழுத்துப்பட்டை நாயைக் குருடாக்கும்" என்று எழுதுவோர் தம் கட்சிக்கே தீங்கு செய்கிறார்கள். எதிர்க்கட்சியில் ஒருவர் மூலக்கட்டுரையைப் படித்துவிட்டால் போதும். மிகையோடு சேர்ந்து உண்மையும் தள்ளுபடியாகிவிடும். ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் இப்படி அடிபட்டோர் இதன் வலியை நன்கறிவர்.

இதைவிடப் பயனுள்ளது 2020 இல் வெட்டர்னரி ரெக்கார்ட் இதழில் நாட்டிங்ஹம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. உயிருள்ள நாய்களுக்குப் பதிலாக நாயின் கழுத்தைப் போன்ற மாதிரி ஒன்றை அமைத்து, அதன் மேல் அழுத்தமானிகளைப் பொருத்தி, பல வகைக் கழுத்துப்பட்டைகளை மாட்டி இழுத்தார்கள். உறுதியான இழுப்புக்கு 40 நியூட்டன், வலுவான இழுப்புக்கு 70 நியூட்டன், வெடுக்கென்று சுண்டும்போது சராசரியாக 141 நியூட்டன். சாதாரண மொழியில் சொன்னால், சுண்டும் கணத்தில் சுமார் 14 கிலோ எடை கழுத்தில் விழுவதற்கு ஒப்பு. பட்டைக்குப் பட்டை அழுத்தம் வேறுபட்டது. ஆயினும் காயத்தின் அபாயத்தை நீக்கும் அளவுக்குக் குறைந்த அழுத்தம் தந்த பட்டை ஒன்றுகூட இல்லை. அகலமான பட்டை, பஞ்சு வைத்த பட்டை என்று கடைக்காரர் காட்டும் சமாதானங்கள் இங்கே சரிகின்றன. மாதிரிக் கழுத்து உயிர்க் கழுத்தாகாது என்ற மறுப்பு நியாயமானது. அதற்காக உயிருள்ள கழுத்துகளை 141 நியூட்டன் விசையில் சுண்டிப் பார்க்க எந்த அறநெறிக் குழுவும் ஒப்புதல் தராது. புசா ரோட்டில் மட்டும் அந்தப் பரிசோதனை நாள்தோறும் ஒப்புதலின்றி நடக்கிறது.

ஹார்னஸுக்கு எதிரான ஆய்வுகளும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 2016 இல் 30 நாய்களைப் பட்டையுடனும் ஹார்னஸுடனும் நடக்கவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, மன அழுத்தம் காட்டும் நடத்தைகளில் பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை. நாய் முகம் சுளிக்கவில்லை, ஆகவே பட்டை தீங்கற்றது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. பட்டை அணிந்த நாயெல்லாம் துன்பத்தில் உழல்கிறது என்று அலறவும் முடியாது. 2019 இல் 9 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று ஹார்னஸ் தோள் மூட்டின் நீட்சியைக் குறைக்கிறது என்று காட்டியது. அதில் வேடிக்கை ஒன்று உண்டு: இயக்கத்தைத் தடுக்காதது என்ற பெயரில் விற்கப்படும் வகைதான், தடுக்கும் என்று கருதப்பட்ட வகையைவிட அதிகமாகத் தடுத்தது. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைச் சான்றாகக் கொள்வோர் இதைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

பயிற்சியாளர் கட்சிக்கு உண்மையில் வலுத் தருவது 2021 இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு. குயின்ஸ்லாந்தில் காப்பகம் ஒன்றின் 52 நாய்களைக் கழுத்துப்பட்டையிலும் மார்பு ஹார்னஸிலும் மாறி மாறி மாட்டி, இழுக்கத் தூண்டி, கயிற்றின் இழுவிசையை அளந்தார்கள். ஹார்னஸில் நாய்கள் அதிக வலுவோடு இழுத்தன. "பார்த்தீர்களா, ஹார்னஸ் இழுக்கக் கற்றுக்கொடுக்கிறது" என்கிறது முதல் கட்சி. இந்த ஆய்வை மறுக்க வேண்டியதில்லை. அது சொல்வதைக் கேட்டால் போதும். ஒரே நாய், ஒரே தூண்டல். மார்பில் வார் இருக்கும்போது இழுக்கும் நாய், கழுத்தில் இருக்கும்போது இழுப்பைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டு பொழுதுகளுக்கும் இடையில் அது பணிவு ஏதும் கற்கவில்லை. கழுத்தில் இழுத்தால் நெரிகிறது, அதனால் இழுக்கவில்லை. பட்டையின் ஆற்றல் என்று போற்றப்படுவது அந்த நெரிவுதான். அது வேலை செய்கிறதா என்று கேட்டால் செய்கிறது. சூடு வைத்தாலும் வேலை செய்யும்.

கழுத்தைச் சுண்டித் திருத்தும் முறை எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. ஜெர்மனியில் காவல் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910 இல் எழுதிய நூலும், அமெரிக்காவில் போர் நாய்களோடு பணியாற்றிய வில்லியம் கோலர் 1962 இல் வெளியிட்ட நூலும் அதன் ஊற்றுகள். படைக்கும் காவலுக்கும் வகுத்த முறை அப்படியே ராஜேந்தர் நகர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி லாப்ரடாருக்கு இறங்கி வந்தது. ஆனால் மோப்பப் பணியில் உள்ளோர் அறிந்த ஒரு செய்தியை அடுக்ககத்துப் பயிற்சியாளர் விட்டுவிட்டார். தடம் பின்பற்றும் வேளையில் நாய்க்கு ஹார்னஸ் அணிவிப்பதும், வேலை முடிந்ததும் அதைக் கழற்றுவதும் அத்துறையில் வழக்கம். முன்னே இழுத்துச் செல்வது அந்த நாயின் பணி. அதன் தொண்டை நெரிந்தால் மோப்பம் கெடும். இழுக்கப்போகும் நாய்க்குக் கழுத்து ஆகாது என்று தொழில் அறிந்தோர் அறிந்தே இருக்கிறார்கள்.

இந்தச் சாலையின் பெயருக்கே இதில் பங்கு உண்டு. புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். 1905 இல் அங்கே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின், 1936 இல் தில்லிக்கு வந்தபோது பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. நன்கொடை அளித்த அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸின் பெயரையும் யுஎஸ்ஏ என்பதையும் ஒட்டிப் புசா பிறந்தது என்று ஒரு கதை தேர்வு வழிகாட்டிகளில் உலவுகிறது. பழைய ராஜேந்தர் நகரின் பயிற்சி மையங்களில் தங்கிப் படிக்கும் தமிழ் மாணவர் பலரும் அதை மனப்பாடம் செய்திருப்பர். ஃபிப்ஸ் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணை இருந்தது. 1808 இல் அதன் பொறுப்பேற்க வந்த வில்லியம் மூர்கிராஃப்ட், முறையாகக் கால்நடை மருத்துவம் பயின்ற முதல் ஆங்கிலேயராகக் கருதப்படுபவர். வாரும் கடிவாளமும் விலங்கின் உடலில் எங்கே பட வேண்டும் என்ற அறிவுக்கு இந்தப் பெயரோடு இருநூறு ஆண்டுத் தொடர்பு உண்டு என்பது இதனால் விளங்கும்.

குதிரை வாரின் வரலாற்றில் ஆய்வாளர்களுக்கு ஒரு நல்ல எச்சரிக்கையும் இருக்கிறது. பிரெஞ்சுப் படை அதிகாரி லெஃபேவ்ர் தெ நோயெத், 1931 இல் வந்த தம் நூலில், பண்டைய கிரேக்க ரோமானியர் குதிரையின் கழுத்தில் வார் கட்டியதால் அது மூச்சுத் திணறியது, அதனால் கனமான சுமையை இழுக்க முடியவில்லை, பிற்காலத்துத் தோள்பட்டை வளையம் வந்தபின்தான் குதிரையின் முழு வலுவும் பயன்பட்டது என்றார். அடிமை முறையின் வரலாற்றையே அதன் மேல் கட்டினார். பல பத்தாண்டுகள் அது பாடநூல் உண்மையாக இருந்தது. பிறகு ழான் ஸ்ப்ரூயித், பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்து வார்களைப் புதிதாகச் செய்து, உயிருள்ள குதிரைகளைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். நோயெத் இரண்டு வெவ்வேறு பூட்டு முறைகளைக் கலந்து இல்லாத ஒன்றை உருவாக்கியிருந்தார் என்பது தெரிந்தது. சரியாகப் பூட்டியபோது குதிரை திணறவில்லை. கழுத்தில் வார் அழுந்தினால் விலங்கு திணறும் என்ற அடிப்படை இதனால் பொய்யாகிவிடவில்லை. வார் எங்கே கிடந்தது என்பதை அங்குலக் கணக்கில் பார்க்காமல் அதன் பெயரை வைத்து வாதிட்டது பிழையாயிற்று. ஹார்னஸ் என்ற பெயரை மட்டும் வைத்து வாதிடும் அன்புக் கட்சிக்கும் இதே பிழை நேர்கிறது.

நம்மூர் உழவருக்கு இது புதிய பாடமன்று. நுகத்தடி உராய்ந்து மாட்டின் கழுத்தில் புண் வந்தால் அது ஆறும்வரை ஏரில் பூட்டாதவரும் உண்டு, புண்ணின் மேலேயே பூட்டியவரும் உண்டு. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, மாட்டுவண்டியையும் நுகத்தடியையும் மேலாண்மைப் பொருளாக எடுத்துக்கொண்டு பல்லாண்டுகள் எழுதியபோது, உயர்கல்வி உலகம் அவரைச் சற்று வேடிக்கையாகவே பார்த்தது. 1965 ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகளுக்கான கொடுமைத் தடுப்பு விதிகள், முள் பொருத்திய கோல், கடிவாளம், வார், நுகம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன. மாட்டுக்கும் குதிரைக்கும் ஆறு பத்தாண்டுகளாக இந்தக் காப்பு உண்டு. உள்நோக்கிய எஃகு முட்கள் கொண்ட நாய்க் கழுத்துப்பட்டையோ பயிற்சிக் கருவி என்ற பெயரில் கடையில் தொங்குகிறது. வண்டி இழுக்கும் மாட்டுக்குக் கிடைத்தது, குடும்பத்தில் ஒருவன் என்று கொஞ்சப்படும் நாய்க்குக் கிடைக்கவில்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மின்னதிர்ச்சிப் பட்டைகளை 2010 லேயே தடை செய்துவிட்டது.

அப்படியானால் கழுத்துப்பட்டையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. 1957 ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம், 399 ஆம் பிரிவில், நாய்களைப் பதிவு செய்வதற்கும், பதிவு பெற்ற நாய் மாநகராட்சி தரும் உலோகத் தகடு பொருத்திய கழுத்துப்பட்டை அணிவதற்கும் துணைவிதி வகுக்க அதிகாரம் தருகிறது. பட்டைக்கு அந்தப் பிரிவு தரும் வேலை தகட்டைத் தாங்குவது. பிரிட்டனில் 1992 ஆம் ஆண்டின் ஆணையும் உரிமையாளரின் பெயரும் முகவரியும் உள்ள பட்டையைப் பொது இடத்தில் கட்டாயமாக்கியது. பட்டை நாயின் முகவரி. எடுத்தனூர் நடுகல்லில், கள்ளரோடு போராடிய கோவிவன் என்ற நாய்க்குப் பெயர் பொறித்து வைத்தவர்கள் பல்லவர் காலத்துத் தொண்டை நாட்டார். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் தலைநகரில் வாழும் படித்த குடும்பத்து நாயின் கழுத்தில் ஒரு கைப்பேசி எண்கூட இருப்பதில்லை.

இது வெறும் அலங்காரக் கவலையன்று. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோயோ மூர்க்கமோ இல்லாத நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இடைப்பட்ட அந்தப் பதினொரு நாளில் ஹார்னஸிலிருந்து நழுவி ஓடிய வீட்டு நாய் ஒன்று, கழுத்தில் தகடு இல்லாமல், பிடிப்போர் கண்ணில் பட்டிருந்தால், அதை வீட்டு நாய் என்று யார் அறிந்திருப்பர்? மெல்லிய பட்டை, அதில் ஒரு தகடு, விரல் இரண்டு நுழையும் இடைவெளி: கழுத்துக்கு இவ்வளவு போதும். வளரும் குட்டிக்குக் கட்டிவிட்டு மறந்தால் பட்டை சதைக்குள் புதைந்துவிடும். தெருக்குட்டிகளுக்கு அன்போடு பட்டை கட்டுவோர் இதை அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

ஹார்னஸைத் தேர்வதில் பார்க்க வேண்டியவை சில. முன்புறத்தில் வார் ஆங்கில ஒய் எழுத்தைப் போல இரு தோள்களுக்கும் நடுவே இறங்கி மார்பெலும்பின் மேல் படிய வேண்டும். மார்புக்குக் குறுக்கே படுக்கையாக ஓடும் வார், நாய் காலை முன்னே வீசும் ஒவ்வொரு முறையும் தோளில் முட்டும். அக்குளில் உராய்ந்தால் முடி உதிரும், பிறகு தோல் சிவக்கும். சட்டை போல உடலை மூடும் பஞ்சு வைத்த ஹார்னஸ் லண்டன் குளிருக்கு ஏற்றது. தில்லி ஜூன் மாதத்தில் அது நாய்க்குப் போர்வை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களின் கதை வேறு. அவற்றின் தலை ஒடுங்கியது, மார்பு ஆழமானது, இடை சிறுத்தது. சாதாரணக் கழுத்துப்பட்டை தலை வழியே கழன்றுவிடும். சாதாரண ஹார்னஸிலிருந்தும் அவை பின்னோக்கி நழுவிவிடும். விலா எலும்புகளுக்குப் பின்னால் இடையைச் சுற்றி மூன்றாவது வார் உள்ள வகையே அவற்றுக்கு ஆகும். புசா ரோட்டின் வாகன நெரிசலில் ஒரு முறை நழுவினால் மறுமுறை வாய்க்காது.

இனி, எல்லா விவாதங்களிலும் விடுபடும் ஒருவர். விடியற்காலையில் இந்த நடைபாதையில் நாயைப் பிடித்து வருவோரில் பலர் அதன் உரிமையாளர்கள் இல்லை. வீட்டு வேலை செய்பவர், காவலாளி, ஓட்டுநர், அல்லது இதற்கென்றே மாதக் கூலிக்கு வரும் இளைஞர். 50 கிலோ எடையுள்ள ஒருவர் 35 கிலோ நாய்கள் இரண்டைப் பிடித்து வருவதும் உண்டு. சுருக்குச் சங்கிலிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் மிக நேர்மையானது இவரை முன்னிட்டதுதான்: ஹார்னஸ் போட்டால் நாய் இவரைச் சாலைக்கு இழுத்துவிடும். குயின்ஸ்லாந்து ஆய்வும் அந்த அச்சத்துக்கு இடம் தருகிறது. இதை அன்புக் கட்சி பேசுவதே இல்லை. நாயின் தோள் மூட்டு குறித்துப் பத்து பத்தி எழுதுவோர் கயிறு அறுத்த உள்ளங்கையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

ஆனால் அந்த வாதத்தைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கூலிக் கணக்கு. நாய் இழுக்கிறது, ஏனெனில் இழுக்காமல் நடக்க அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. கற்பிக்கப் பொழுது வேண்டும்: கயிறு இறுகியதும் நிற்பது, தளர்ந்ததும் நடப்பது, பக்கத்தில் வந்ததும் தின்பண்டம் தருவது. இதைச் சத்தமில்லாத உட்தெருவில், நெரிசலில்லாத நேரத்தில், வாரக்கணக்கில் செய்ய வேண்டும். இரண்டு பெரிய நாய்களுக்கு இரண்டு ஆட்கள் வேண்டும். அந்தப் பொழுதையும் அந்தக் கூலியையும் மிச்சப்படுத்தச் சங்கிலி வாங்கப்படுகிறது. மிச்சம் உரிமையாளருக்கு, நெரிவு நாய்க்கு, நாய் கடித்தாலோ ஓடிவிட்டாலோ வசவு பிடித்திருந்தவருக்கு. பணியாளரின் பாதுகாப்பு உண்மையிலேயே கவலையாக இருந்தால் அதற்கு வழி உண்டு. மார்பின் முன்புறத்தில் வளையம் உள்ள ஹார்னஸில் கயிற்றை மாட்டினால், நாய் பாயும்போது அதன் உடல் பக்கவாட்டில் திரும்பும். நேராக இழுக்கும் வலு குறையும். பயிற்சி முடியும்வரை அது நல்ல ஊன்றுகோல். கைப்பிடியில் பஞ்சு வைத்த, நீளம் மாறாத கயிறு தரலாம். பொத்தானை அழுத்தினால் நீளும் மெல்லிய நாடா, உள்ளங்கையையும் அருகில் செல்வோரின் கெண்டைக்காலையும் அறுக்கும் கருவி. அதைப் புசா ரோட்டில் பயன்படுத்துவோர் தெருவை அறியாதவர்கள்.

சட்டம் உதவுமா என்றால், 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11 ஆம் பிரிவில் அளவுக்கு மீறிய குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றமாக்குகிறது. எப்போதும் கட்டிப் போட்டிருக்கும் நாயை நடமாட விடாத உரிமையாளரையும் குற்றவாளியாக்குகிறது. முதல் குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. கரோல் பாக் கடைத்தெருவில் அந்தச் சங்கிலியின் விலையே அதைவிட அதிகம். ஆகவே நீதிமன்றத்தை நம்பி இருக்க முடியாது. கடை வாசலில்தான் இதைத் தீர்க்க முடியும். ஹார்னஸ் வாங்கப் போகும்போது நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நாள்தோறும் அதை நடத்திச் செல்பவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். மாட்டுவதும் கழற்றுவதும் அவர் கைகள். கொக்கி விரலைக் கடிக்கிறதா, கைப்பிடி வழுக்குகிறதா, நாய் திமிறும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கடை வாசலிலேயே நடந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.